ஓட்டுக் கூரையா, பிளாட்டா?

வீடு கட்டும்போது மேல்மாடி எடுக்கிற எண்ணம் இருந்தால் பிளாட், அதாவது கொங்கிறீட் தட்டைக் கூரைதான், அதில் வாதமில்லை. இல்லையென்றால் நான் ஓட்டின் பக்கம்.

சித்திரை வெயிலில் பகல் முழுக்கச் சூடேறிய கொங்கிறீட், நாம் படுக்கிற நேரம் பார்த்துத்தான் வெக்கையை அறைக்குள் இறக்கும். ஓட்டில் சூடு இடுக்குகளால் மேலே போய்விடும். ஓட்டைத் தாங்குகிற, வைரம் பாய்ந்த பனைமரக் கைமரத்தைக் கறையானும் லேசில் தொடாது. என்ன, பனை தறிக்க அனுமதி வேண்டும், கைதேர்ந்த தச்சரும் அமையவேண்டும்.

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் நடுமுற்றம் வைத்து ஓட்டு வீடு கட்டினார். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய நம் நாற்சார் வீட்டுக்காரருக்கு அது புதினமில்லை!

தேங்காய் விழுந்தால் ஓடு உடையும், சரி. உடைந்ததை மட்டும் மாற்றலாம். பிளாட் மாரியில் ஒழுகத் தொடங்கினால், வெடிப்பு எங்கே என்று மேசன் தேடுவதே பெரும்பாடு.