ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய சமையலறை: வியன்னா மாக் அருங்காட்சியகம்

வியன்னாவில் அரண்மனை, கேக், கச்சேரி எல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் மாக் (MAK) என்ற பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது ஒரு சமையலறைக்காக. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்த பிராங்பர்ட் சமையலறை, 1926. வரைந்தவர் வியன்னாக்காரரான மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. இங்கே இருப்பது அசல் இல்லை, அவருடைய மேற்பார்வையில் பிறகு செய்த மறு ஆக்கம்.

அகலம் 1.87 மீட்டர், நீளம் 3.44 மீட்டர், அவ்வளவுதான். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே ஒரு எட்டுகூட வீணாகாதபடி போட்ட கணக்கு. ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்க உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டூல், பக்கத்திலேயே குப்பையைத் தள்ளிவிட ஒரு இழுப்பறை, சுவரிலிருந்து மடங்கி இறங்கும் இஸ்திரிப் பலகை. எனக்கு ரொம்பப் பிடித்தது அலுமினியப் பெட்டிகள்: அரிசி, சர்க்கரை என்று பெயர் போட்டு வரிசையாகச் செருகியிருக்கும், கைப்பிடியோடு உருவி மூக்கு வழியாக அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். நம் அஞ்சறைப் பெட்டியின் பெரியம்மா மாதிரி. மாவுக்கு மட்டும் ஓக் மர இழுப்பறை, வண்டு வராது என்று. அந்த நீலப்பச்சைப் பெயின்ட்டில் ஈ உட்காராது என்றும் அப்போது நம்பியிருக்கிறார்கள்.

சரி, குறை? நிறைய. இரண்டு பேர் நின்றால் முதுகோடு முதுகு இடிக்கும். சாப்பிட மேசை கிடையாது. அந்தப் பெட்டிகள் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் வேலையைக் குறைக்க வந்தது, கடைசியில் அவளைத் தனியாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிட்டதே என்ற விமர்சனம் பின்னால் வந்தது, நியாயமானதுதான். இன்னொரு வேடிக்கை, இதை வரையும்வரை தான் வீட்டு நிர்வாகம் பார்த்ததும் இல்லை, சமைத்ததும் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் பிராங்பர்ட் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் இது வந்தது.

என் மனக்குறை வேறு. 1897-இல் பிறந்து, 103-ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு 2000-இல் இறந்த ஒருவரை எல்லாரும் ஒரே சமையலறைக்குள் அடைத்துவிடுகிறோம். 1930-இல் சோவியத் நாட்டுக்குப் போய்ப் புது நகரங்களுக்கு வேலை பார்த்தவர். பிறகு இஸ்தான்புல்லில் பத்திரமாக இருந்தவர், 1940 டிசம்பரில் நாஜிகளை எதிர்க்கும் ரகசிய வேலைக்காக வியன்னா திரும்பினார். சில வாரங்களிலேயே பிடிபட்டு, 15 ஆண்டு தண்டனை பெற்று, 1945-இல் போர் முடியும் நேரத்தில்தான் வெளியே வந்தார். அப்புறமும் கம்யூனிஸ்ட் என்பதால் சொந்த நாட்டில் அரசு வேலைகள் அதிகம் தரவில்லை. 1988-இல் அரசு விருது கொடுக்க வந்தபோது, போர்க்கால நாஜித் தொடர்பு பற்றிய சர்ச்சையில் இருந்த அப்போதைய ஆஸ்திரிய அதிபர் வால்ட்ஹைம் கையால் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

சமையலறைக்கு ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது அந்த இரண்டாவது ஆளுக்கு இடம் இல்லாததால். பிரான்சென்ஸ்காஸ தெருவில் அவர் கடைசி முப்பது வருடம் இருந்த வீட்டையும் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள், எனக்கு நேரம் கிடைக்கவில்லை. தனக்கென்று அவர் எப்படிச் சமையலறை வைத்துக்கொண்டார் என்று அடுத்த முறை போய்ப் பார்க்க வேண்டும்.