இலை, பஃபே, பெட்டி: மொரீஷியஸ் கல்யாணச் சாப்பாட்டில் எது யாருக்கு ஏற்றது?

மொரீஷியஸ் தமிழர் கல்யாணங்களில் இன்று சாப்பாடு மூன்று விதமாகப் போடப்படுகிறது. வாழை இலையில் ஏழு கறி பரிமாறும் பந்தி ஒன்று. ஹோட்டல்களிலும் பெரிய மண்டபங்களிலும் பஃபே. உட்கார இடம் போதாத வீட்டு விசேஷங்களில் பெட்டிச் சாப்பாடு. செலவையும் ருசியையும் வைத்து இவற்றை ஒப்பிடுபவர்கள் நிறைய. பத்தியமோ ஒவ்வாமையோ உள்ள விருந்தாளியை நடுவில் வைத்து ஒப்பிட்டால் வரிசை மாறிவிடும். எங்கள் கணிப்பில் இலைதான் முதலிடம், பஃபே கடைசி. கடுமையான ஒவ்வாமைக்கும் கண்டிப்பான பத்தியத்துக்கும் மட்டும் பெட்டி.

அண்டாவில் முடிய வேண்டிய வேலை

எந்த முறையானாலும் பாதி வேலை அடுப்படியிலேயே முடிந்துவிட வேண்டும். பூசணி, வாழைக்காய், பலாக்காய், கத்தரிக்காய், கிரோ புவா (பெரிய வெள்ளை அவரைப் பருப்பு) என்று ஏழு கறிக்குப் போகும் எதிலும் இயல்பாகக் கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. சிக்கல் சேர்மானத்தில்தான் வருகிறது.

கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ராசோனிலும் (இங்கத்து ரசம்) பருப்பிலும் அதைப் போட்டால் சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர் அந்த அண்டாவை நம்பித் தொட முடியாது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். அப்பளத்துக்கும் கறித்தூளுக்கும் இதே விதி.

பாயசம்தான் பலரை விலக்கும் பண்டம். சேமியா, பால், நெய், முந்திரி நான்கும் சேர்ந்தால் சீலியாக் நோயாளி, பால் ஒவ்வாதவர், வீகன் (பால், நெய்கூடத் தொடாத சைவர்), முந்திரி ஒவ்வாமை உள்ளவர் எல்லோரும் ஒரே கரண்டியில் வெளியே போய்விடுகிறார்கள். ஜவ்வரிசியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் செய்து, முந்திரியை அறவே விட்டுவிட்டால் இந்த நால்வருக்கும் அதே பாயசம் போதும். ஆளுக்கு 100 மில்லி என்று 400 பேருக்கு 40 லிட்டர் வேண்டும். ஜவ்வரிசி சுமார் 4 கிலோ பிடிக்கும். நேரம் ஆக ஆக இறுகும் என்பதால் நீர்க்கவே இறக்குங்கள். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றுங்கள், கொதித்தால் திரிந்துவிடும். முந்திரியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து வேண்டியவர்களுக்கு மட்டும் தூவலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கிண்ணம் பந்திக்குள் வந்துவிட்டால் எந்த இலையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணெய்ச் சட்டியில் வடை, அப்பளம், காத்தோ பிமாங் (மிளகாய் போட்ட பருப்பு உருண்டை) மூன்றையும் புது எண்ணெயில் முதலில் பொரித்துவிடுங்கள். பூரி உண்டென்றால் அதற்கு வேறு சட்டி.

கடுகை மட்டும் அண்டாவிலிருந்து எடுக்க முடியாது. தாளிப்பில் இருக்கிறது, அச்சாரில் அரைத்துச் சேர்கிறது, கறித்தூளிலும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயம் குறிப்பிடச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் உண்டு. பிரான்ஸிலிருந்தோ பிரெஞ்சுத் தீவான ரியூனியனிலிருந்தோ வரும் உறவினர் கடுகு ஆகாது என்று எழுதியிருந்தால் அப்படியே நம்புங்கள். அவருக்குப் பெட்டிதான் வழி.

இலையும் பஃபேயும்

பஃபே விருந்தாளிக்குச் சுதந்திரம் தருகிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். தட்டு முன்னால் பெயர் அட்டை இருந்தால் அது பாதி உண்மைதான். ஆபத்து கரண்டியில் இருக்கிறது. முதல் 20 பேர் போவதற்குள் பருப்புக் கரண்டி கத்தரிக்காயில் கிடக்கும், பூரித் துணுக்கு சோற்றில் கிடக்கும். சீலியாக் நோயாளிக்கு ரொட்டித் தூளே போதும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்லிக்கொள்ள கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரம் அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். தனி மேசை போட்டாலும் கூட்டம் அங்கேயும் வந்துவிடும்.

பந்தியில் விருந்தாளி கரண்டியைத் தொடுவதே இல்லை. வாளிக்கு ஒரு ஆள், ஒரு கரண்டி. அதே ஆள் வரிசை முடியும்வரை அந்த வாளியை மாற்றாமல் இருந்தால் ஒரு கறி இன்னொன்றோடு கலக்க இடமில்லை. இலையும் புதிது, ஒருவருக்கு மட்டுமே உரியது. அதற்கும் மேலாக, விருந்தாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். பஃபேயில் அது தெரியவே தெரியாது.

இந்த நன்மை கிடைக்கச் சில ஒழுங்குகள் வேண்டும். கட்டுப்பாடு உள்ளவர்களை வரிசையின் தொடக்கத்தில் உட்கார வையுங்கள். வாளி அப்போதுதான் அடுக்களையிலிருந்து வந்திருக்கும், கரண்டி எந்த இலையிலும் பட்டிருக்காது. இலையின் தலைமாட்டில் நிற அட்டை வையுங்கள், பரிமாறுபவர் நின்றுகொண்டே பார்க்க முடியும். நெய், தயிர், அச்சார் மூன்றையும் கடைசிச் சுற்றுக்குத் தள்ளி, கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். வழக்கமாகத் தவறுவது இங்கேதான்: உபசாரத்தில் ஊறிய பெரியவர் ஒருவர் வாளியை வாங்கிக்கொண்டு கேட்காமலே நெய்யை ஊற்றிவிடுவார். வாளி ஏந்தும் எல்லோரையும் பந்திக்கு முன் ஐந்து நிமிடம் நிறுத்தி அட்டை நிறங்களைச் சொல்லிக் கொடுத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

சர்க்கரை நோய் தனியாகப் பேச வேண்டியது. மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருப்பதால், அவர்களைச் சிறப்பு விருந்தாளிகள் என்று ஒதுக்குவதில் பொருளில்லை. பந்தியே அவர்களை நினைத்து அமைய வேண்டும். கறிகள் முதலில், சோறு அரைக் கரண்டி, இரண்டாவது சோறு கேட்டால் மட்டும். பெட்டி இங்கே மோசம், சோறு அளந்து அடைத்துவிட்டபின் குறைக்க வழியில்லை. பஃபே இந்த ஒன்றில் இலைக்குச் சமம். ஆனால் சோற்றைவிடப் பெரிய ஆபத்து நேரம். இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு வந்தவர் மூன்றாம் பந்திவரை காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் கண்டால் உடனே இனிப்பான பானம் கொடுக்க வேண்டும். முகூர்த்தம் தள்ளிப்போனாலும் இவர்களை முதல் பந்தியில் உட்கார வைப்பதில் யாருக்கும் மனக்குறை வரக்கூடாது.

முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்குச் சைவப் பந்தி பெரும்பாலும் வசதிதான். படையல் வைத்த உணவை உண்ணத் தயங்குபவர்கள் அவர்களில் உண்டு. நைவேத்தியத்தைச் சிறு பாத்திரத்தில் தனியே சமைத்து, பிரசாதமாகத் தனியே கொடுத்துவிட்டால் பந்திச் சோறு எல்லோருக்கும் பொது.

பெட்டி எப்போது

உயிருக்கு ஆபத்தான கொட்டை, கடுகு ஒவ்வாமை, சீலியாக், சிறுநீரக நோய்ப் பத்தியம் ஆகியவற்றுக்குப் பெட்டி. காலையில் அடுக்களை சுத்தமாக இருக்கும்போது, தனிப் பாத்திரம், தனிப் பலகை, தனி எண்ணெயில் இவர்களுக்கே முதலில் சமைத்துத் தனியே மூடி வையுங்கள். பெட்டியில் அடைப்பது மட்டும் கடைசியில். சமைத்த சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் ஆறிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால், மறுபடி சூடாக்கினாலும் போகாத நஞ்சு அதில் உருவாகலாம்.

ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் உணவுப் பெட்டிகளுக்கு 2021 ஜனவரி 15 முதல் இங்கே தடை. அட்டைப் பெட்டி ராசோனில் ஊறிவிடும், கரும்புச் சக்கைப் பெட்டி தாங்கும். கோதுமை வைக்கோலில் செய்த பெட்டியைச் சீலியாக் நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். மூடியில் பெயரும், என்ன இல்லை என்பதும் எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். மேசையில் விட்டுவந்தால் வேறு யாராவது திறந்துவிடுவார்கள்.

பெட்டி வாங்குபவரையும் பந்தியிலேயே, சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார வையுங்கள். இலையை விரித்து, பெட்டியை அதன்மேல் வைத்தால் போதும். அவருடைய அட்ரினலின் ஊசி எந்தப் பையில் இருக்கிறது என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் பந்தி மேற்பார்வையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தொண்டை அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ முதலில் ஊசி, உடனே சாமு ஆம்புலன்ஸுக்கு 114.