கொழும்பில் ஓர்க்கிட்: கரியும் பொச்சும் பாசியும் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

ஓர்க்கிட்டுக்கு எந்த வளர்ப்பு ஊடகத்தைப் போட்டாலும் முதல் ஆறு மாதம் செடி செழிப்பாகத்தான் நிற்கும். அதன் குணம் வெளிப்படுவது இரண்டாவது மழைக்காலத்தில். எனவே இங்கே ஒவ்வொன்றையும் அந்த அளவுகோலால்தான் மதிப்பிடுகிறோம். மே மாதத் தென்மேற்குப் பருவமழையையும் ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேர இடிமழையையும் இரண்டு தடவை கண்ட பிறகு சட்டிக்குள் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி.

கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகள் ஈரத்தைப் பிடித்து வைப்பது எப்படி என்று சொல்லித் தருகின்றன. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. டென்ரோபியம், வண்டா, கட்லியா போன்ற ஓர்க்கிட் வகைகள் எல்லாம் இயற்கையில் மரத்தைப் பற்றி வளர்பவை. அவற்றின் வேரைச் சுற்றியுள்ள வெள்ளை உறை மழை நீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு, பிறகு காற்றில் காய வேண்டும். துண்டுகளுக்கு இடையில் காற்று நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது. வேர் முதலில் மூச்சடைத்துச் சாகிறது. அழுகல் பூஞ்சணம் அதற்குப் பிறகுதான் நுழைகிறது. மருந்து அடித்தும் பலன் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆகவே செடியின் இனத்தைப் பார்ப்பதற்கு முன் சட்டி இருக்கப்போகும் இடத்தைப் பாருங்கள். மழை நேரே விழும் முற்றமா, கூரையுள்ள பல்கனியா, ஏசி போடும் அறையா? ஒரே டென்ரோபியத்துக்கு இந்த மூன்று இடத்திலும் மூன்று கலவை வேண்டும்.

மழை விழும் இடத்துக்குச் சிரட்டைக் கரியை வெல்ல எதுவும் இல்லை. உக்காது, நசியாது, துண்டுகளுக்கிடையே காற்று ஓடும். சுவையூட்டிய, எண்ணெய் கலந்த, அச்சில் அழுத்திய பாபிகியூ கரிக்கட்டிகள் வேண்டாம். அவற்றில் பசையும் தீப்பற்ற வைக்கும் பொருட்களும் இருக்கலாம். சாதாரண கரியை 2 முதல் 3 சென்ரிமீற்றர் துண்டுகளாக உடைத்து, தூளைச் சலித்து எறிந்து, கழுவிய தண்ணீர் தெளியும் வரை கழுவி, ஒரு இரவு ஊறவிட வேண்டும். தூளோடு போட்டால் அது சட்டியின் அடியில் படிந்து சேறாகி, கரியின் நன்மை முழுவதையும் கெடுத்துவிடும்.

கரிக்கு ஒரு குறை உண்டு. பசளை உப்பு அதில் படியும். முற்றத்துச் சட்டியை மழையே கழுவிவிடும். கூரைக்குக் கீழே உள்ள சட்டியில் ஒரு வருடத்துக்குள் கரியின் மேல் வெள்ளைப் பொருக்கு தெரியும், வேர் நுனி கபில நிறமாகக் கருகும். மாதம் ஒரு முறை, பசளை கலக்காத தண்ணீரைச் சட்டியின் கொள்ளளவைப்போல மூன்று நான்கு மடங்கு ஊற்றி வடியவிட்டால் இது வராது. இதைச் செய்தால் கரி மூன்று வருடம் தாராளமாகத் தாங்கும்.

ஓட்டுத்துண்டும் செங்கல் துண்டும் கரிக்கு நல்ல துணை. எடை கொடுப்பதால் காற்றில் சட்டி சாயாது. வீடு உடைத்த இடத்திலிருந்து எடுத்தால் ஒட்டியிருக்கும் சாந்தைச் சுரண்டிவிடுங்கள். சுண்ணாம்பும் சீமெந்தும் காரத்தன்மையைக் கூட்டி, இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காமல் செய்யும். புது இலை மஞ்சளிக்கும். சந்தேகமான துண்டில் ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது வேண்டாம்.

இனிப் பொச்சு. மலிவாகவும் எங்கும் கிடைப்பதாலும் அதிகம் பேர் பாவிப்பதும் இதுதான், அதிகம் செடி சாவதும் இதில்தான். தவறு பொச்சில் இல்லை, தயாரிப்பில் இருக்கிறது. தெருவோரம் குவிந்து கிடக்கும் செவ்விளநீர்க் கோம்பையை எடுக்கக்கூடாது. இளசு, சீக்கிரம் உக்கிவிடும். நன்றாக முற்றிக் காய்ந்த தேங்காயின் பொச்சை, வெளித்தோலோடு 2 முதல் 3 சென்ரிமீற்றர் கட்டிகளாக வெட்டி, உதிரும் தும்புச்சோற்றைத் தட்டி அகற்றுங்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பது அந்தச் சோறுதான். பொச்சில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு, கபில நிறச் சாயமும் இறங்கும். மூன்று நாள் ஊறவைத்து நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். கடைசி இரவில் 10 லீற்றர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி கல்சியம் நைத்திரேற்று கரைத்து ஊறவைத்து, காலையில் அலசினால் பொச்சில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கல்சியம் தள்ளி வெளியேற்றும். ஊறும் வாளியை மூடி வையுங்கள். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதே காரணத்துக்காகச் சட்டிக்கு அடியில் தட்டு வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஓர்க்கிட்டுக்கும் அது ஆகாது.

எவ்வளவு நன்றாகத் தயாரித்தாலும் கொழும்பில் பொச்சின் ஆயுள் ஒன்றரை வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு. நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். துள்ளி விரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. கூழாகிக் கறுத்த நீர் கசிந்து புளித்த வாடை வந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். அந்த நிலையில் வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால் உறை கழன்று கையில் வரும், உள்ளே நூல் மட்டும் நிற்கும். மேலே இலை அப்போதும் பச்சையாக இருப்பதுதான் ஏமாற்றும். தண்டில் சேமித்த நீரை வைத்துச் செடி இரண்டு மாதம்கூட ஓட்டும்.

கலவைக் கணக்கு இப்படி. 5 அங்குலச் சட்டிக்கு எல்லாமாக ஏறத்தாழ 1 லீற்றர் போதும். முற்றத்தில் என்றால் அடியில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுத்துண்டு, மேலே முழுக்கக் கரி. கூரையுள்ள பல்கனியில் மூன்று பங்கு கரிக்கு ஒரு பங்கு பொச்சு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளின் மேல் மாடிகளில் காற்று ஓயாது, சட்டி சீக்கிரம் காயும். அங்கே பாதிக்குப் பாதி போடலாம். உப்புக்காற்று இலையில் படிவதால் வாரம் ஒரு முறை இலையையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வண்டாவுக்கு எதுவும் வேண்டாம், மரக்கூடையில் நான்கைந்து பெரிய கரித்துண்டு போதும்.

பாசியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடையில் பூவோடு விற்கும் பலனொப்சிஸ் ஓர்க்கிட் பெரும்பாலும் ஸ்பக்னம் என்ற, தண்ணீரை உறிஞ்சி வைக்கும் பாசியில் இறுக்கி அடைத்தே வருகிறது. ஏசி அறையில் அது ஒரு வருடம் வரை பரவாயில்லை. வெளியே வைத்தால் மேற்பாசி காய்ந்திருக்க, நடுக்கட்டி வாரக்கணக்கில் நனைந்தே இருக்கும். பூ முடிந்ததும் நடுப்பாசியைக் கவனமாக எடுத்துவிட்டு, கரியும் சின்னப் பொச்சுத்துண்டும் சம அளவில் கலந்து போடுங்கள். கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்ரிக் சாடி நல்லது. வேர் வெள்ளி நிறமாக மாறியதும் தண்ணீர், பச்சையாக இருக்கும்வரை வேண்டாம். ஆனால் பலனொப்சிஸ் திரும்பப் பூக்காததற்குக் கலவையைக் குறை சொல்லாதீர்கள். வெப்பம் 28 பாகைக்கு மேல் நின்றால் பூந்தண்டு வராது.

இறக்குமதியாகும் பைன் பட்டை நல்ல பொருள்தான். ஆனால் அதன் விலைக்கு இங்கே அது தரும் மேலதிக நன்மை எதுவும் இல்லை.

சட்டி மாற்றப் புது முளையின் அடியில் வேர் 1 சென்ரிமீற்றர் அளவு எட்டிப் பார்க்கும் நேரம் சரி. செத்த வேரை வெட்டி, வெட்டுவாயில் மட்டும் கறுவாத்தூள் தடவுங்கள். நல்ல வேரில் பட்டால் அதையும் காய வைக்கும். செடியை ஒரு குச்சியில் அசையாமல் கட்டுங்கள், ஆடினால் புது நுனி உராய்ந்து நின்றுவிடும். நான்கு நாள் தண்ணீர் விடாமல் நிழலில் வைத்து, இலைக்கு மட்டும் காலையில் தெளியுங்கள். கரியில் சத்து இல்லாததால், புது வேர் 3 சென்ரிமீற்றர் ஆனதும் வாரம் ஒரு முறை, நீரில் கரையும் பசளை லீற்றருக்கு 1 கிராம். பொச்சு கூடுதலாக உள்ள சட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.