எட்டு அங்குலத் திரையில் தமிழ்: சாம்சங் கேலக்சி இசட் ஃபோல்டு 7

கைப்பேசியில் தமிழ் படிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நம் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் துணைவினையும் இடைச்சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொள்ள, ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது ஒரே சொல்லாக வந்து நிற்கும். எழுத்தைக் கண்ணுக்கு இதமான அளவுக்குப் பெரிதாக்கினால், சாதாரணக் கைப்பேசியில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள்கூடத் தேறுவதில்லை. வலப்புறம் வெற்றிடமாகக் கிடக்கும், ஒரு பத்தியை முடிப்பதற்குள் திரையைப் பலமுறை தள்ள வேண்டியிருக்கும். புதிய கருவி எது வந்தாலும் முதல் வாரத்திலேயே கையில் எடுத்துப் பார்க்கத் துடிப்பவன் நான். ஆயினும் மடித்து விரிக்கும் கைப்பேசிக்காகக் காத்திருந்ததுபோல் வேறெதற்கும் நான் காத்திருந்ததில்லை. அதற்கு முதற்காரணம் இந்த நீளச் சொற்கள்தாம்.

காத்திருப்பு 2019-இல் தொடங்கியது. சாம்சங்கின் முதல் மடிப்புக் கைப்பேசியான ஃபோல்டு அவ்வாண்டு ஏப்ரலில் விற்பனைக்கு வரவிருந்தது. விமர்சகர்களிடம் முன்கூட்டியே தரப்பட்ட கருவிகள் சிலவற்றில் திரை பழுதாகிவிட்டதால், திருத்தங்கள் செய்யப்பட்டுச் செப்டம்பரில்தான் வெளிவந்தது. மடித்த நிலையில் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் தடிமனும் 276 கிராம் எடையும் கொண்ட அது, சட்டைப்பையில் ஒரு செங்கல்துண்டுபோல் தொங்கியது. அதன் வெளித்திரையோ வெறும் 4.6 அங்குலம். 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பு தண்ணீரைத் தாங்கியது. 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இரு பாதிகளும் இடைவெளியின்றி மூடிக்கொண்டன. இந்த முன்னேற்றம் ஒவ்வொன்றையும் கடையில் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தேன், ஆனால் வாங்கவில்லை. இடையில் வேறொரு நிறுவனத்தின் மடிப்புக் கைப்பேசியை வாங்கி ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியபோது, மடிப்பின் மேலிருந்த பாதுகாப்புப் படலம் குமிழ்விட்டு எழும்பியது. அதைச் சரிசெய்யப் பழுதுபார்க்கும் நிலையத்தில் மூன்று வாரம் கருவியை விட்டுவைக்க நேர்ந்தது. ஆகவே இவ்வகைக் கருவிகளை வாங்கத் தயங்குபவர்களின் அச்சம் எனக்கு நன்றாகவே புரியும்.

ஏழாம் பதிப்பு 2025 ஜூலை 9 அன்று அறிவிக்கப்பட்டு, 25 அன்று விற்பனைக்கு வந்தது. அந்த வார இறுதியிலேயே பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கமுள்ள குயின்ஸ்பே பேரங்காடிக்குச் சென்று வாங்கினேன். மடித்தால் 8.9 மில்லிமீட்டர், விரித்தால் 4.2 மில்லிமீட்டர், எடை 215 கிராம். இவ்வெண்களை வாசிப்பது வேறு, கையில் ஏந்துவது வேறு. அதே நிறுவனத்தின் மடியாத கைப்பேசியான எஸ்25 அல்ட்ராவின் எடை 218 கிராம் என்றால், எட்டு அங்குலத் திரையை உள்ளே மறைத்து வைத்திருக்கும் கருவி அதைவிட மூன்று கிராம் குறைவு! வெளித்திரையும் 6.5 அங்குலமாக அகன்றுவிட்டதால், மடித்த நிலையில் இதைப் பார்ப்பவர்கள் சாதாரணக் கைப்பேசி என்றே எண்ணுகிறார்கள். முந்தைய பதிப்புகளின் ஒடுங்கிய வெளித்திரையில் தட்டச்சு செய்து சலித்தவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய ஆறுதல்.

மூன்றாக மடியும் ஹுவாவெய் மேட் எக்ஸ்டி, சீனாவுக்கு வெளியே உலகச் சந்தைக்கு அறிமுகமானது 2025 பிப்ரவரியில், நம் கோலாலம்பூரில்தான். அதைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து இரயிலேறித் தலைநகர் சென்றேன். பத்து அங்குலத்துக்கு விரியும் அந்தத் திரையின் அழகை இன்றும் மறக்கவில்லை. ஆனால் கூகள் சேவைகள் அதில் உள்ளடங்கியிருக்கவில்லை. நான் அன்றாடம் நம்பியிருக்கும் செயலிகள் பல அவற்றைச் சார்ந்தவை என்பதால் மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பினேன்.

மடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி மெல்லியதாக இருக்கும்வரைதான் வளையும். தடிமன் கூடக்கூட, வளைவின் வெளிப்பரப்பு அதிகமாக இழுபட்டு விரிசல் விடும். மெல்லியதாகவே விட்டால் விரல் அழுத்தத்துக்கே குழியும். இந்தப் பதிப்பில் கண்ணாடி முன்னைவிட 50 விழுக்காடு தடிமனாக்கப்பட்டிருக்கிறது. அதை உடையாமல் மடிக்க, கீலின் உள்ளே திரை கூர்மையாக முறியாமல் நீர்த்துளி வடிவில் வளைந்து தங்கும்படி இடம் விடப்பட்டிருக்கிறது. வளைவு பெரிதானதால் விரித்தபோது தெரியும் மடிப்புக்கோடும் மங்கிவிட்டது. திரை 5 இலட்சம் முறை மடிப்பதைத் தாங்கும் எனச் சோதிக்கப்பட்டிருப்பதாக நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு நூறு முறை மடித்தாலும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதை முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன். 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கி, இன்டெல் முதலான நிறுவனங்கள் ஆலை அமைத்த பின், இத்தீவின் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு மின்னணுப் பொருள்களோடு பிணைந்துவிட்டது. 1980-களில் அம்மா அங்கே ஓர் ஆலையில் நுண்ணோக்கியில் கண்பதித்து, மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளோடு இணைக்கும் வேலை பார்த்தவர். கருவியை நான்கைந்து முறை மெதுவாகத் திறந்து மூடிய பிறகு, “மடிப்பு எங்கய்யா இருக்கு?” என்று கேட்டார். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, நிழல்போன்ற அந்த மெல்லிய கோட்டைத் தாமே கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். பொருத்து வேலையின் நேர்த்தியை அறிந்தவர் அளித்த அந்த ஒப்புதலுக்கு என்னிடம் தனி மதிப்புண்டு.

இனி வாசிப்பு. விரித்த கருவியின் அகலம் 143 மில்லிமீட்டர். டெம்மி அளவில் அச்சாகும் தமிழ்ப் புத்தகத்தின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. இதனால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், பெரிய எழுத்திலும் வரிக்கு ஆறேழு சொற்கள் நிற்கின்றன. செய்யுளின் அடிகள் பாதியில் முறியாமல் சீர்பிரிந்து அப்படியே விளங்குகின்றன. ஓர் அகவற்பாவை அதன் அடியமைப்புக் கெடாமல் கைப்பேசியில் படித்த முதல் இரவை நான் நெடுநாள் நினைவில் வைத்திருப்பேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள, வருடிய (ஸ்கேன் செய்த) பழம்பதிப்புகளும் ஏறத்தாழ அச்சுப் புத்தக அளவிலேயே தெரிகின்றன. ஆனால் திரை ஏறக்குறைய சதுரமாக இருப்பதால் பக்கத்தின் உயரம் முழுவதும் அடங்காது. அகலத்துக்குப் பொருத்திவைத்துப் பக்கத்துக்கு ஒருமுறை கீழே தள்ளிப் படிப்பதே வசதியானது. முழுப்பக்கத்தையும் அடக்கினால் எழுத்துச் சிறுத்து, இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்த பயன், திரையை இரண்டாகப் பிரிப்பது. இடப்பக்கம் நூலையும் வலப்பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பையும் வைத்துக்கொண்டால், அருஞ்சொல் எதிர்ப்படும்போது பக்கத்தை இழக்காமல் பொருள் தேடலாம். முன்பு மேசையில் கணினி முன் அமர்ந்து செய்த இவ்வேலையை இப்போது படகுத்துறையில் பட்டர்வொர்த் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்கிறேன்.

தட்டச்சும் எளிதாகிவிட்டது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் தமிழ்த் தட்டச்சுச் செயலியில், ஆங்கில எழுத்துகளின் ஒலிப்படி தமிழை உள்ளிடும் அஞ்சல் விசைமுகத்தைப் பயன்படுத்திப் பழகியவன் நான். மடித்த நிலையில் ஒரு கையால் குறுஞ்செய்தியும், விரித்த நிலையில் இரு கட்டைவிரல்களால் நீண்ட மடலும் எழுதுகிறேன். இக்கட்டுரையின் பெரும்பகுதியை இதிலேயே எழுதினேன். படக்கருவி 200 மெகாபிக்சல். படங்கள் தெளிவாக வருகின்றன. எனக்கு அது போதும்.

குறைகளை மறைப்பது சரியாகாது. மெல்லியதாக்குவதற்காக எழுதுகோலை உணரும் அடுக்கை நீக்கிவிட்டார்கள். ஆகவே முந்தைய பதிப்புகளில் இயங்கிய எஸ் பென் இதில் இயங்காது. இவ்வளவு விரிந்த பரப்பில் தமிழைக் கைப்பட எழுத முடியாமல் போனது எனக்கு உண்மையான வருத்தம். விரலால் எழுதினால் கூகள் விசைப்பலகை புரிந்துகொள்கிறது, ஆனால் ழகரத்தையும் றகரத்தையும் கோலால் இழுத்து எழுதும் இன்பம் விரலுக்கு வாய்ப்பதில்லை. மின்கலன் ஆறாம் பதிப்பில் இருந்த அதே 4,400 மில்லியாம்பியர் மணிதான், மின்னேற்றமும் அதே 25 வாட். சீன நிறுவனங்கள் இவ்விரண்டிலும் வெகுவாக முன்சென்றுவிட்ட நிலையில் இது ஏற்கத்தக்கதன்று. பின்புறம் படக்கருவிப் பகுதி துருத்திக்கொண்டிருப்பதால் மேசைமேல் வைத்து எழுதும்போது கருவி ஆடுகிறது. நினைவட்டைக்கு இடமில்லை.

நம் ஊருக்குரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இதன் பாதுகாப்புத் தரம் ஐபி48. எட்டு என்பது தண்ணீரைக் குறிப்பது. பினாங்கின் மாலை மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. நான்கு என்பது திடப்பொருளைக் குறிப்பது. ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள்கள்தாம் தடுக்கப்படும், மணலும் நுண்தூசும் அதற்குள் அடங்கா. பத்து பெரிங்கி என்னும் கடற்கரைக்குப் போகும்போது மடித்து உறையிலிட்டு வைப்பதே நல்லது, அங்கே விரிக்கவே கூடாது. உள்திரையின் மேலுள்ள படலத்தையும் எக்காரணத்தைக் கொண்டும் உரிக்கக் கூடாது. அது தனியாக ஒட்டிய உறையன்று, திரையின் ஒரு பகுதி.

நான் வாங்கியபோது விலை ஏழாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். 2025-இல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதால், இது நான்கு மாத உழைப்புக்கும் கூடுதலான தொகை. அதை அறிந்தே சொல்கிறேன், தமிழை நாள்தோறும் மணிக்கணக்கில் திரையில் படிக்கவும் எழுதவும் வேண்டியவர்களுக்கு இது தகும். ஏழாண்டுக்கு மென்பொருள் மேம்பாடு தருவதாக நிறுவனம் உறுதியளித்திருப்பதால் 2032 வரை வைத்துக்கொள்ளலாம். அழைப்புக்கும் புலனத்துக்கும் (வாட்ஸ்அப்) மட்டும் கைப்பேசி வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டாம். எழுதுகோல் இல்லாமல் முடியாது என்பவர்கள், விலை இறங்கியிருக்கும் ஆறாம் பதிப்பைத் தேடிப் பிடிக்கலாம். வாங்குவதென்று முடிவெடுத்தால் 512 கிகாபைட் கொள்ளளவையே வாங்குங்கள். வருடிய பழநூல்கள் நூறு சேர்ந்தாலே பல கிகாபைட்டுகளை நிரப்பிவிடும், பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை.