மார்கழியில் ஒரு வாரம், வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையை நம்பி

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீனவ கிராமம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. எனக்கு மயிலாடுதுறையில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் போனைப் பார்த்து வானிலை சொல்வது என் பொறுப்பு. போன மார்கழியில் ஒரு வாரம் முழுக்க வேறு எதையும் பார்க்காமல், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மையம் போடுகிற அறிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தோம். கடற்கரையில் இருக்கிற பல பேர் இன்னும் போனைத் திறந்ததும் வருகிற சூரியன் படத்தைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதற்கு முந்தின வாரம் போனில் இருந்த ஒரு செயலியில் நாள் முழுக்க வெயில் என்று காட்டியது. நானும் அப்படியே சொல்லி அனுப்பினேன். வெயில் அடித்தது உண்மை, ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு மேல் வாடைக் காற்று ஏறி, வலையை இழுக்கவே முடியாமல் பாதியை அறுத்துவிட்டு வந்தார்கள். கரையில் இறங்கியதும் அப்பா என்னைத் திட்டவில்லை. "மழையப் பத்தி என்ன பாப்பா, நனைஞ்சா காஞ்சுடும். காத்து எந்தப் பக்கம், எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு" என்றார். அந்த வலைக்கு வாங்கின கடன் இன்னும் முடியவில்லை.

வானிலை மையத்தின் அறிக்கை தமிழிலேயே வருகிறது. மேலே மழை நிலவரம், கீழே "மீனவர்களுக்கான எச்சரிக்கை" என்று தனியாக ஒரு பகுதி. நமக்கு வேண்டியது அந்தக் கீழ்ப்பகுதிதான், ஆனால் செய்தியில் படிக்கும்போது அதைக் கடைசியில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தக் கடல் பகுதி, எந்தத் தேதி, காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர், இடையிடையே எவ்வளவு வரை போகும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. முதல் நாள் எனக்கு அதைப் படிக்கவே சிரமமாக இருந்தது. குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென்மேற்கு வங்கக்கடல் என்று நீளமாகப் போகும், அதில் நம் பக்கம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

ஞாயிறு நல்ல கடல், போய்வந்தார்கள். திங்கட்கிழமை அறிக்கையில் தென்கிழக்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றும், செவ்வாய் முதல் தமிழகக் கடலோரத்தில் 35 முதல் 45 கிலோமீட்டர், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும் என்றும் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து மைக்கிலும் சொன்னார்கள்.

செவ்வாய் விடிந்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது. ஒரு மேகம் இல்லை. பனி கூட விலகிவிட்டது. இப்படி ஒரு காலையில் கரையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று படகு வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஒரு நாள் போகாவிட்டால் டீசல் செலவு மிச்சம், ஆனால் வீட்டுச் செலவு நிற்காது. சித்தப்பா இரண்டு தடவை கடலைப் பார்த்துவிட்டு வந்து "ஒண்ணும் இல்லையே" என்றார். அப்பா டிராக்டரைக் கூப்பிட்டுப் படகைச் சவுக்குத் தோப்பு வரை இழுத்துப் போடச் சொன்னார். மத்தியானம் மூன்று மணிக்குக் கிழக்கே இருந்து கொண்டல் காற்று பிடித்தது. ஐந்து மணிக்கெல்லாம் காலையில் படகு நின்ற இடத்தில் அலை ஏறி, வலை உலர்த்துகிற கம்புகளில் இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

புதன் இரவு மழை. அன்றைக்கு நான் தூங்கவில்லை, காரைக்கால் ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரைக்கால் எங்களுக்கு மிகவும் பக்கம், அதனால் கடலுக்குள் இருக்கிற மழை மேகம் கரையை நோக்கி வருவது நன்றாகத் தெரிகிறது. மஞ்சளும் சிவப்புமாக ஒரு பட்டை கிழக்கே இருந்து நகர்ந்து வர வர, வெளியே தகர ஓட்டில் முதல் சொட்டு விழுந்தது. பாட்டி படுக்கிற பக்கம் ஒழுகும், அதற்குள் அவரை உள் அறைக்கு மாற்றிவிட்டோம். இந்த ஒரு வசதிக்காகவே எல்லோரும் ரேடார் பக்கத்தைப் போனில் சேமித்து வைக்கச் சொல்வேன்.

வியாழன் காலை எங்கள் பக்கம் 7 செ.மீ. மழை. அறிக்கையில் எட்டரை மணி வரை பெய்ததைத்தான் ஒரு நாள் கணக்காக எடுக்கிறார்கள், 7 செ.மீ. என்றால் கனமழை. இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். "ஓரிரு இடங்களில் கனமழை" என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல பெய்யவே இல்லை, பொய் சொல்றாங்க" என்பவர்கள் நிறைய. ஓரிரு இடம் என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கிற நிலையங்களில் கால்வாசிக்கும் உள்ளே என்று அர்த்தம். நம் ஊர் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இது தெரிந்த பிறகு எனக்கு அந்த அறிக்கை மேல் இருந்த கோபம் போய்விட்டது.

வெள்ளி மழை விட்டது, ஆனால் எச்சரிக்கை அப்படியே இருந்தது, காற்று இன்னும் 45. போகவில்லை. சனிக்கிழமை எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். நான் சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னேன், அப்பா கரைக்குப் போய் அரை மணி நேரம் நின்று அலை எங்கே உடைகிறது என்று பார்த்தார். வழக்கமாக உடைகிற இடத்தைத் தாண்டி வெளியே உடைந்தது. "காத்து போயிடுச்சு, கடல் இன்னும் இறங்கல" என்று சொல்லித் திரும்பிவிட்டார். இந்த இடத்தில் அறிக்கை போதாது. அது பெரிய கடலுக்கானது, எங்கள் கரையில் படகு இறக்குகிற அந்த முந்நூறு அடியை அது சொல்லாது, சொல்லவும் முடியாது. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் போடுகிற அலை உயர எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்புறம் கரையில் நின்று பார்க்கிற அனுபவமுள்ள ஒரு கண் வேண்டும்.

ஞாயிறு விடிகாலை மூன்றரைக்கு இறக்கினார்கள். கலங்கின தண்ணீரில் இறால் கிடைக்கும் என்று அப்பா சொல்லியிருந்தார், இரண்டு கூடை இறாலோடு வந்தார்கள். ஐந்து நாள் சும்மா இருந்ததற்கு அது ஈடாகாது. ஆனால் வலை முழுசாக இருந்தது, ஆளும் முழுசாக வந்தார்கள்.

இந்த அறிக்கைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். காசு கிடையாது, தமிழில் இருக்கிறது, நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் புதுப்பிக்கிறார்கள். அரை மதிப்பெண் குறைத்தது அந்த நீளமான கடல் பெயர் பட்டியலுக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெரியவர்களால் அதை இருட்டில், சின்ன போனில் படிக்க முடியாது. வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் மழை வரியைத் தள்ளிவிட்டு, முதலில் காற்று வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.