சுவிஸ் போக வான் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனம்: எங்கள் 600 யூரோ போய்விட்டது

எங்களுக்கு வான் வாடகைக்குத் தந்த கடைக்காரர், டிப்பொசிட்டைத் திருப்பித் தராமல், நேற்றுப் பின்னேரம் என் தொலைபேசி இலக்கத்தை முடக்கிவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாகனம் எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுவிஸில் உள்ள பேர்ணில் அக்கா மகளுக்குச் சாமத்தியவீடு. ஜெர்மனியின் டோர்ட்முண்டில் இருந்து அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எட்டுப் பேர் போக வேண்டும். போக வர 1300 கிலோமீட்டர். பெரிய வாடகை நிறுவனங்கள் கிரெடிட் கார்ட் இல்லாமல் தர மாட்டோம் என்றன. எங்களிடம் வங்கி அட்டை மட்டும்தான். அப்போதுதான் நம்மவர் ஒருவர் நடத்தும் சின்ன வாடகைக் கடையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.

உள்ளே போனதும் தேத்தண்ணி தந்தார். எந்த ஊர் என்று கேட்டார். அம்மாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரராம். நாலு நாளுக்கு 420 யூரோ வாடகை, 600 யூரோ டிப்பொசிட், எல்லாம் கைக்காசு. பற்றுச்சீட்டுக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இரண்டு கேள்வி கேட்டேன். சுவிசுக்குக் கொண்டுபோகலாமா? விக்னெட், அதாவது சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓடக் கட்டும் காசுக்கான அனுமதி, இருக்கிறதா?

"தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. விக்னெட் இப்ப கண்ணாடியில ஒட்டுறதில்ல, நம்பர் பிளேட்டோட கொம்பியூட்டரில இருக்கு."

2023 ஓகஸ்டில் இருந்து மின்விக்னெட் இருப்பது உண்மைதான். அதனால்தான் நம்பினேன். ஸ்டிக்கரை ஒட்டவும் செய்யலாம், இணையத்தில் பதியவும் செய்யலாம். கண்ணாடியில் ஒன்றும் இல்லாததை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று பக்க ஒப்பந்தத்தை நீட்டி, "இது எல்லாருக்கும் குடுக்கிற படிவம்தான்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு வைல் அம் ரைன் எல்லையில் மறித்தார்கள். வழமையாக எல்லையில் கடவுச்சீட்டுப் பார்க்காத ஷெங்கன் நாடுகளில் சுவிஸ் இருந்தாலும் ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் இல்லை, சுங்கம் நிற்கும். அதிகாரி இலக்கத்தைத் தட்டிப் பார்த்தார். விக்னெட் இல்லை. தண்டம் 200 பிராங், விக்னெட்டுக்கு 40 பிராங். கடைக்காரருக்கு ஆறு தடவை எடுத்தேன், பதில் இல்லை. அக்கா மகளுக்கு என்று வைத்திருந்த கடித உறையை அம்மா பிரித்து 240 பிராங்கைக் கொடுத்தார். பின்சீட்டில் சின்னவன் விழித்து அழத் தொடங்கினான்.

திரும்பி வந்து திங்கட்கிழமை வானைக் கொடுத்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கிறீங்கள், நாளைக்குக் காசு போடுறன்" என்றார். புதன்கிழமை, மனைவிக்குச் சுகமில்லை. வெள்ளிக்கிழமை, கணக்குப் பார்ப்பவர் விடுமுறையில். அடுத்த கிழமை, பின் பம்பரில் கீறல் இருக்கிறதாம். நாங்கள் எடுக்கும்போதே இருந்த கீறல் அது, ஆனால் என்னிடம் படம் இல்லை. கடைசியாக ஒரு குறுஞ்செய்தி வந்தது: எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளிநாடு போனால் டிப்பொசிட் திரும்பாது, மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. போகலாம் என்று சொன்னதே அவர்தான்! 600 யூரோ, அதற்கு மேல் 240 பிராங்.

இன்னொன்றும் இருக்கிறது. விக்னெட் வாகனத்தோடுதான் போகும். நான் காசு கட்டிய விக்னெட் அடுத்த ஜனவரி 31 வரை அவருடைய வானுக்குச் செல்லும். இனி வருகிறவர்களிடம் அவர் பொய் சொல்லத் தேவையில்லை.

"நம்ம ஆக்கள்தானே, விடுங்கோ" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விட மாட்டேன். அது அப்பாவின் ஓய்வூதியக் காசு.

சரி, சொல்ல வந்தது: வெளிநாடு போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். விக்னெட் பதிவை உங்கள் கண்ணால் பாருங்கள், இல்லாவிட்டால் சுவிஸ் சுங்கத் திணைக்களத்தின் சொந்த இணையத்தளத்தில் 40 பிராங் கட்டிவிட்டுப் புறப்படுங்கள். டிப்பொசிட்டைக் கைக்காசாகக் கொடுக்காதீர்கள். சாவி வாங்குமுன் நாலு பக்கமும் படம் எடுங்கள். இதற்கு மேல் எழுதும் மனநிலை இப்போது இல்லை.

பதிவுத் தபாலில் கடிதம் போய்விட்டது, அடுத்த கிழமை நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்குப் போகிறேன். டோர்ட்முண்ட் பக்கத்தில் வேறு யாருக்காவது இப்படி டிப்பொசிட் நின்றுபோயிருந்தால் எனக்குத் தனியே எழுதுங்கள். சேர்ந்து போவோம்.