பயிற்சி ரேம்ப் செய்யப் பிளைவுட்டா, பிவிசி போர்டா, ஃபோம் ஷீட்டா?

பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவுக்குப் பயிற்சி ரேம்ப், அதாவது ரோபோ ஏறி இறங்கிப் பழகும் சரிவுப் பலகை, எதில் செய்வது என்று இந்த வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் 12 மி.மீ. பிளைவுட்டில் வந்து நின்றோம். ஆகவே நான் பிளைவுட் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் ஓட்டுவது ரோபோகப் ஜூனியர் என்ற மாணவர் ரோபோ போட்டியின் ரெஸ்க்யூ லைன் பிரிவு. 30 செ.மீ. சதுர டைல்கள், அவற்றின் மேல் ஒன்று முதல் இரண்டு செ.மீ. அகலத்தில் கறுப்புக் கோடு. ரோபோ கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் வழியில் வரும் சரிவில் ஏறி, மேலே ஓடி, மறுபடி இறங்க வேண்டும். சரிவு 25 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி. கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், ஆனால் 25 டிகிரி பலகையை முதல்முறை நிமிர்த்தி வைக்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

விலை, எடை இரண்டிலும் ஃபோம் ஷீட்டை மிஞ்ச ஆளில்லை. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையிலேயே கோட்டையும் அச்சடித்து மேலே ஒட்டித் தந்துவிடுவார்கள், டேப் ஒட்டும் வேலையே கிடையாது. கையில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போகலாம். பிவிசி போர்டு, அதாவது இப்போது சமையலறை அலமாரிக்கெல்லாம் போடுகிறார்களே அந்தப் பலகை, தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாது. பிளைவுட் கனம், பெயின்ட் அடிக்க வேண்டும், ஆசாரியைத் தேட வேண்டும். இதுவரைக்கும் பார்த்தால் பிளைவுட் வாங்க ஒரு காரணமும் இல்லை.

காரணம் விளிம்பில் இருக்கிறது. ரேம்ப் என்றதும் எல்லோரும் கோணத்தையும் மோட்டாரையும் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் ரோபோ பெரும்பாலும் மாட்டிக்கொள்வது சரிவின் நடுவில் இல்லை, தரையும் சரிவும் சேரும் அடிவிளிம்பிலும், சரிவு முடிந்து சமதளம் தொடங்கும் மேல்விளிம்பிலும்தான். தரையில் ஒளி அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்துக் கோட்டைப் பார்க்கும் சென்சார் வழக்கமாக ரோபோவின் மூக்கில், தரையிலிருந்து அரை செ.மீ. உயரத்தில் தொங்கும். 25 டிகிரி சரிவு தொடங்கிய இடத்திலிருந்து வெறும் 11 மி.மீ. உள்ளே போவதற்குள் சரிவு அந்த அரை செ.மீ. உயரத்தை எட்டிவிடும். அதற்குள் முன்சக்கரம் ஏறத் தொடங்கி மூக்கைத் தூக்கவில்லை என்றால் சென்சார் பலகையில் இடிக்கும். மேலே இதற்கு நேர்மாறு. முன்சக்கரம் உச்சியைத் தொடும் நேரத்தில், அதிலிருந்து 3 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் ஏறக்குறைய 1.3 செ.மீ. கூடுதலாக அந்தரத்தில் எழும்பி நிற்கும். ஒளி திரும்பி வராததால் எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் கறுப்பு என்று சொல்லும், ப்ரோகிராம் அதைக் கோடுகள் குறுக்கிடும் சந்திப்பு என்று எடுத்துக்கொண்டு ரோபோவைப் பக்கவாட்டில் திருப்பும், அது ரேம்பிலிருந்து கீழே விழும்.

இதையெல்லாம் பிள்ளைகள் பயிற்சியிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்றால் விளிம்பு கூர்மையாக இருந்தாக வேண்டும், அதுவும் முதல் நாள் மட்டுமல்ல, மாதக்கணக்கில். ஃபோம் ஷீட் தோற்பது இங்கேதான். சக்கரம் ஏறி ஏறி அதன் விளிம்பு நசுங்கி உருண்டையாகிவிடும். உருண்ட விளிம்பில் ரோபோ வழுக்கிக்கொண்டு அழகாக ஏறும், பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், போட்டியில் கூர்மையான ரேம்பில் அதே ரோபோ மூக்கை இடித்து நின்றுவிடும். பழகிய ரேம்ப் பொய் சொல்லியிருக்கிறது. நசுங்கிய ஃபோமைச் சரிசெய்யவும் வழியில்லை, வெட்டி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்.

பிளைவுட்டும் தேயும், இல்லை என்று சொல்லவில்லை. மெல்லிசாகச் சீவிய அடிவிளிம்பில் அடுக்கு அடுக்காகப் பிரிந்து சில்லு பெயரும். ஆனால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியும். பெயர்ந்த இடத்தில் மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து அப்பி, ஒரு ராத்திரி காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தால் விளிம்பு பழையபடி நிற்கும். ரொம்ப மோசமானால் இழைப்புளி போட்டு ஒரு இழை இழைத்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் கனத்தையும் பெயின்ட் வேலையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

சீவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 12 மி.மீ. பலகையை அப்படியே சாய்த்து வைத்தால் அடியில் படி மாதிரி ஒரு தடுப்பு வந்துவிடும். அடிப்பக்கத்தை, ரேம்பை நிறுத்தும்போது தரையோடு தட்டையாகப் படியும்படி சுமார் இரண்டரை செ.மீ. நீளத்துக்குச் சாய்வாக இழைக்கச் சொல்லுங்கள். நுனியைக் கத்தி போல ஆக்கவேண்டாம், 2 மி.மீ. கனம் விடுங்கள். டைல் இணைப்புகளில் 3 மி.மீ. வரை மேடு வரலாம் என்று விதியே சொல்வதால் அது பிரச்சினை இல்லை, நுனியும் சீக்கிரம் உடையாது. கீல் வைத்துக் கோணத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். 25 டிகிரிக்கு இழைத்த பலகையை 15 டிகிரிக்குத் தாழ்த்தினால் நுனி தரையை விட்டு 4 மி.மீ. எழும்பிவிடும், அப்புறம் விளிம்புக்குப் பட்ட பாடெல்லாம் வீண். கோணத்துக்கு ஒரு பலகை என்று தனித்தனியாகச் செய்வதே நல்லது. 30 செ.மீ. பலகைக்கு முட்டு உயரம் 15 டிகிரிக்கு 7.8 செ.மீ., 20 டிகிரிக்கு 10.3 செ.மீ., 25 டிகிரிக்கு 12.7 செ.மீ.

பிவிசி போர்டும் நன்றாகச் சீவவரும், விளிம்பு பிளைவுட்டைவிட வழவழப்பாகவே வரும். ஆனால் மென்மையான பொருள், கீழே போட்டால் முனை சொட்டையாகிறது, முட்டுக்கட்டையில் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டினால் ஓட்டை லூசாகிவிடுகிறது. நான் அதில் செய்து பார்த்தது ஒரே ஒரு ரேம்ப்தான், அதுவும் ஒரு மழைக்காலம்கூட முழுதாகத் தாண்டவில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். கடற்கரை ஊர்ப் பள்ளியாக இருந்து, அறையில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் நானே ஒருவேளை அதைத்தான் வாங்குவேன்.

பிடிமானத்தில் எதுவும் தானாக ஜெயிப்பதில்லை, மேலே என்ன பூசுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான்கு சக்கரமும் மோட்டாரில் சுற்றும் ரோபோவுக்கு 25 டிகிரியில் 0.47 உராய்வுக் கெழு (சக்கரத்தின் பிடிமானத்தைச் சொல்லும் எண்) இருந்தால் போதும். இரண்டு சக்கரமும் ஒரு கேஸ்டரும் (மோட்டார் இல்லாமல் சும்மா உருளும் சின்னச் சக்கரம்) என்றால், எடையில் 60 சதவீதம்தான் மோட்டார் சக்கரங்களின் மேல் இருக்கிறது என்று வைத்தால் 0.78 வேண்டும், அது சின்ன வித்தியாசம் இல்லை. பளபளக்கும் ஃப்ளெக்ஸில் தூசி படிந்துவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், போதாக்குறைக்கு டியூப் லைட்டின் பளிச்சொளி சென்சாரையும் குழப்பும். பிளைவுட்டில் பளபளப்பில்லாத மேட் வெள்ளை பெயின்ட் இரண்டு கோட், இன்சுலேஷன் டேப்பில் கோடு, இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. டேப்பை உரிக்கும்போது சில இடங்களில் பெயின்டும் சேர்ந்து வரும், தொட்டு அடித்துக்கொள்ளலாம். கார்ப்பெட் ஒட்டிய தரையும் போட்டியில் வரலாம் என்பதால் ஒரு பலகையில் அதையும் ஒட்டி வைத்திருக்கிறோம், ஆனால் அதிகம் ஓட்டிப் பார்க்கவில்லை.

பெயின்டை இரண்டு பக்கமும் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளைந்துகொள்ளும்.

போட்டிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, கையில் காசும் இல்லை என்றால் ஃபோம் ஷீட்டே எடுங்கள், அடிவிளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய அலுமினியப் பட்டை ஒட்டிவிடுங்கள், ஒரு மாதம் தாங்கும். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வரும் குழு என்றால் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்று வாங்கிக் கடையிலேயே மெஷினில் 30 செ.மீ. சதுரமாக அறுக்கச் சொல்லுங்கள். ரம்பத்தில் போகும் தூளையும் சேர்த்து 32 துண்டு கணக்காக வரும். மூன்று கோணத்துக்கு ரேம்ப், முட்டுக்கட்டை எல்லாம் போக மீதியில் மேல்தளமும் தரை டைலும் செய்துகொள்ளலாம்.